மூன்று கிழவர்களும் முப்பத்தேழு வருடமும்

பிரிட்டனில் 'ரேடியோ டைம்ஸ்' என்று ஒரு வார இதழ் உண்டு. வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலுக்காக வீட்டுக்கு வீடு வாங்கிய பத்திரிகை. 2003-ல் அது ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. எந்த நிகழ்ச்சியை இழுத்து மூடினால் உங்களுக்கு நிம்மதி என்பதுதான் கேள்வி. பதிவான சுமார் 12,000 வாக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே நிகழ்ச்சிக்கு எதிராக விழுந்தது. அதில் கொலை இல்லை, ஆபாசம் இல்லை, யாரையும் புண்படுத்தும் அரசியலும் இல்லை. யார்க்‌ஷர் மலையடிவாரத்தில் மூன்று கிழவர்கள் வேலைவெட்டி இல்லாமல் சுற்றித் திரியும் நகைச்சுவைத் தொடர் அது. பெயர் 'லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்'. அப்போது அதற்கே முப்பது வயது. எதிர்த்து வாக்களித்தவர்கள் பாவம், அதன் பிறகும் ஏழு வருடம் பார்க்க வேண்டியதாயிற்று.

இதே தொடரைத்தான் தனக்கு மிகவும் பிடித்தது என்று எலிசபெத் மகாராணி 2001-ல் நடிகை தோரா ஹேர்டிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. 1980-களின் நடுவில், உச்சத்தில் இருந்தபோது, ஒரே இரவில் ஒன்றே முக்கால் கோடிப் பேருக்கு மேல் இதைப் பார்த்திருக்கிறார்கள். திட்டியவர்களையும் கொண்டாடியவர்களையும் அருகருகே உட்கார வைத்துக் காரணம் கேட்டால் இரண்டு தரப்பும் ஒரே பதிலைச் சொல்லும்: இதில் ஒன்றுமே நடப்பதில்லை. ஒரே குறையை ஒருவர் குறையாகவும் இன்னொருவர் சுவையாகவும் எடுத்துக்கொள்ளும்போது, ரசிகனுக்கு அங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது.

தொடர் பிறந்த விதத்திலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் பிபிசியின் நகைச்சுவைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த டங்கன் உட், மூன்று கிழவர்களை வைத்து ஒரு தொடர் எழுதித் தரும்படி ராய் கிளார்க்கிடம் கேட்டார். கிளார்க் யார்க்‌ஷர்காரர். எழுத்துக்கு வருவதற்கு முன் போலீஸ்காரராகவும் பள்ளி ஆசிரியராகவும் விற்பனையாளராகவும் இருந்தவர். மூன்று கிழவர்கள் என்ற விஷயம் அவருக்குப் பிடிபடவே இல்லை. கிழவர்கள் என்றால் மூட்டுவலி, மருமகள், மருந்துச் சீட்டு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கைவிட்டுவிடலாம் என்ற கட்டத்தில்தான் ஒரு யோசனை வந்தது. மூவருக்கும் மனைவி இல்லை, வேலை இல்லை என்று வைத்துவிட்டால்? ஒருவர் மனைவியை இழந்தவர், ஒருவரை மனைவி விட்டுப் போய்விட்டாள், ஒருவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. காலையில் எழுந்தால் போக வேண்டிய இடம் எதுவும் கிடையாது. அந்த நிலையில் கிழவர்கள் பதினான்கு வயதுப் பையன்களாக மாறிவிடுவதைக் கிளார்க் கண்டுகொண்டார். அதன் பிறகு அவருடைய பேனா நிற்கவில்லை. 1973 ஜனவரியில் வந்த முன்னோட்ட அத்தியாயம் தொடங்கி 2010 ஆகஸ்டில் வந்த கடைசி அத்தியாயம் வரை மொத்தம் 295. அத்தனையும் அவர் ஒருவரே எழுதியவை.

மூவரில் இருவர் நெடுங்காலம் மாறவில்லை. காம்போ, பில் ஓவன் நடித்தது. பச்சைக் கம்பளிக் குல்லாய், கயிற்றால் இறுக்கிய கால்சட்டை, ரப்பர் பூட்ஸ். குளிப்பதில் நம்பிக்கை இல்லாதவர். கையில் ஒரு தீப்பெட்டி வைத்திருப்பார். அதற்குள் ஏதோ உயிருள்ள ஒன்று இருக்கிறது. எதிர்ப்படுகிறவரிடம் பெட்டியைத் திறந்து காட்டுவார், அவர்கள் அலறிப் பின்வாங்குவார்கள். நமக்கு மட்டும் காட்டுவதில்லை. ஒரு தொடர் தன் பார்வையாளர்களை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு அந்தத் தீப்பெட்டியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உள்ளே என்ன என்பதை அவரவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவரவரே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாமவர் கிளெக், பீட்டர் சாலிஸ் நடித்தது. கூட்டுறவுக் கடையில் தரைக்கு விரிக்கும் லினோலியம் விற்று ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். எதையும் செய்யமாட்டார், எதையும் கேட்டுவைப்பார். பெண்கள் பேசத் தொடங்கினால் நழுவிவிடுவார். பெரிய வாழ்க்கைத் தத்துவத்தைத் தொடங்கி, தன் பயம் ஒன்றில் கொண்டுபோய் முடிப்பார். 295 அத்தியாயங்களிலும் இருந்த ஒரே நடிகர் சாலிஸ். உலகம் முழுக்க வேறு கூட்டத்துக்கு அவர் 'வாலஸ் அண்ட் க்ரோமிட்' களிமண் பொம்மைப் படங்களில் வாலஸின் குரலாகத் தெரியும்.

மூன்றாவது நாற்காலியில்தான் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதலில் மைக்கேல் பேட்ஸ் நடித்த பிளாமயர். ஜான்சியில் பிறந்த ஆங்கிலேயர் பேட்ஸ். உடல்நலம் கெட்டு அவர் விலகியபின் பிரையன் வைல்ட் நடித்த ஃபாகி. பட்டாளத்தில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்துவிட்டு, பர்மாக் காட்டில் வெறுங்கையால் எதிரியை வீழ்த்திய தோரணையில் பேசுகிறவர். பிறகு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரும் அரைகுறை விஞ்ஞானியுமான சீமோர், கடைசியில் முன்னாள் போலீஸ்காரர் ட்ரூலி. ஆள் யாரானாலும் அந்த நாற்காலிக்கு வேலை ஒன்றுதான்: தலைவர் என்று தன்னைத் தானே நியமித்துக்கொள்வது, ஒரு திட்டம் போடுவது, அதைச் சோதிக்கக் காம்போவைப் பலியாடு ஆக்குவது. சக்கரம் கட்டிய குளியல் தொட்டியிலோ வேறு ஏதாவது வாகனத்திலோ காம்போ மலைச்சரிவில் உருண்டு வருவார். கிளெக் இதெல்லாம் சரிப்படாது என்று முதலிலேயே நினைத்திருப்பார், ஆனால் சொல்லியிருக்கமாட்டார்.

கதை இவ்வளவுதான் என்பதால் ரசனை முழுவதும் பேச்சில்தான் இருக்கிறது. முதல் சில வரிசைகளில், அதாவது சீசன்களில், மூவரும் பெரும்பாலும் ஊர் நூலகத்தில் கணகணப்புக்காக ஒதுங்கியிருப்பார்கள். நூலகர் துரத்தினால் ஐவியின் தேநீர்க் கடை, அங்கும் துரத்தினால் மலை. போகிற வழியெல்லாம் பேச்சு. சாவு, கடவுள், பள்ளிக்கூடத்தில் உடன் படித்த யாரோ ஒருவன், அவன் கட்டிக்கொண்ட பெண். கிளார்க் எழுதும் வசனத்தில் சிரிப்பு வாக்கியத்தின் கடைசியில் காத்திருப்பதில்லை. நடுவில் எங்கோ ஒரு சாதாரணச் சொல்லில் ஒளிந்திருக்கும், நாம் அடுத்த வாக்கியத்துக்குப் போன பிறகுதான் உதட்டுக்கு வந்து சேரும். முதல் வரிசைக்குக் கிடைத்த வரவேற்பு சுமார்தான் என்பதில் எனக்கு வியப்பில்லை. இந்த வகைச் சிரிப்புக்குப் பழக்கம் வேண்டும்.

நிதானத்தை இசையும் காத்தது. ரானி ஹேசில்ஹர்ஸ்ட் அமைத்த முகப்பு இசை மௌத் ஆர்கனில் மெதுவாகத் தவழும் ஒரு வால்ட்ஸ். நகைச்சுவைத் தொடருக்கு இவ்வளவு சோகையான இசையா என்று பிபிசியில் முதலில் முகம் சுளித்தார்கள். நல்லவேளை, மாற்றவில்லை. துள்ளலான இசை போட்டிருந்தால், "சிரிக்கத் தயாராகுங்கள்" என்று அது கட்டளை இட்டிருக்கும். இந்த இசையோ, சிரித்தாலும் சரி, சிரிக்காவிட்டாலும் சரி, வந்து உட்காருங்கள் என்கிறது. கேமராவும் அப்படித்தான். பென்னைன் மலைச்சரிவுகளில் கருங்கல் வேலிகளுக்கு நடுவே மூன்று புள்ளிகளாக அவர்கள் நடந்துபோவதை எட்ட நின்று பார்க்கும். பேச்சு மட்டும் காதருகே கேட்கும். உடல் தூரத்தில், குரல் பக்கத்தில் என்ற இந்த ஏற்பாட்டினால், நான்காவது ஆளாகப் பின்னால் நடந்துபோகிற உணர்வு பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது.

இந்த ஆண்களைத் துரத்துவதற்குக் கிளார்க் படைத்த பெண்கள் தனிப் படை. காம்போ காலமெல்லாம் ஏங்குவது பக்கத்து வீட்டு நோரா பேட்டிக்காக. நோரா கட்டுமஸ்தான உடம்பு, தலையில் முடி சுருட்டிகள், கணுக்காலில் மடிந்து மடிந்து கிடக்கும் ஸ்டாக்கிங், கையில் துடைப்பம். அந்தச் சுருக்கம் விழுந்த ஸ்டாக்கிங் பிரிட்டனில் ஒரு தேசிய நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. நடித்த கேத்தி ஸ்டாஃப் நேரில் மெலிந்தவர்; நோராவுக்காக உடைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டார். கணவனின் எண்ணெய்ப் பிசுக்குக்குப் பயந்து அவன் கால்படும் இடமெல்லாம் செய்தித்தாள் விரிக்கும் ஈடி, தட்டால் அடிக்கத் தயங்காத ஐவி, கணவன் ஹோவர்டின் களவுக் காதலை மோப்பம் பிடிக்கும் பேர்ல். இவர்கள் ஒன்றுகூடித் தேநீர் அருந்தி ஆண் இனத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்கும் காட்சிகளைப் பெண் பார்வையாளர்கள் தனியாக ரசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். பெரிய மனைவி, சின்னக் கணவன் என்ற இந்தக் கேலிக்கு அந்த ஊரிலேயே ஒரு முன்கதை இருக்கிறது. படப்பிடிப்பு நடந்த ஹோம்ஃபர்த், பாம்ஃபர்த் நிறுவனத்தின் ஊர். கடற்கரைச் சுற்றுலாத் தலங்களில் விற்ற குறும்புத் தபால் அட்டைகள் லட்சக்கணக்கில் அச்சானது அங்கேதான். அந்த அட்டைகளின் குண்டுப் பெண்மணியும் சுண்டெலிக் கணவனும் எழுந்து நடமாடுவதாகவே நோராவையும் அவள் கணவன் வாலியையும் நான் பார்க்கிறேன். ஒரு வித்தியாசம்: தபால் அட்டை அவர்களைக் கேலியோடு விட்டுவிடும், கிளார்க் அவர்களுக்கு மரியாதையும் வாங்கித் தருவார்.

சிரிப்பொலி விஷயத்திலும் இந்தத் தொடர் கண்ணியம் காத்தது. பிற்கால வரிசைகளில் வெளிப்புறங்களில் எடுத்து முடித்த அத்தியாயத்தை ஓர் அரங்கில் பொதுமக்களைக் கூட்டிப் போட்டுக் காட்டி, அவர்கள் சிரித்ததைப் பதிவு செய்து சேர்த்தார்கள். டப்பாவில் அடைத்த சிரிப்பு கிடையாது. கூர்ந்து கேட்டால் தெரியும்: காம்போ தண்ணீரில் விழும்போது எழும் சிரிப்பு வேறு, கிளெக் ஒரு வரியை முணுமுணுத்ததும் அரங்கின் ஒரு மூலையிலிருந்து மட்டும் கிளம்பும் சிரிப்பு வேறு. விழுந்ததற்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். முணுமுணுப்புக்கு, கொஞ்சம் வாழ்ந்து பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள்.

வீட்டில் பார்த்தவர்களின் எதிர்வினைக்கு வருவோம். இந்தத் தொடர் நிலைபெற்றது ஞாயிறு மாலையில். இதுதான் விஷயத்தின் சாவி என்று நினைக்கிறேன். மறுநாள் திங்கள். தொழிற்சாலைச் சங்கு, அலுவலக ரயில், பள்ளிக்கூட மணி எல்லாம் காத்திருக்கின்றன. அந்த நேரத்தில் திங்கட்கிழமையே இல்லாத மூன்று பேர் மலையில் உலவுகிறார்கள். பார்த்தவர்கள் ஏங்கியது பழைய இங்கிலாந்துக்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. தொடரின் ஒவ்வொரு அத்தியாயமும் அது எடுக்கப்பட்ட அந்த ஆண்டிலேயே நடக்கிறது. பழங்காலத்தைப் புனைந்து காட்டவில்லை. ஏங்கியது விடுப்புக்காக. சாகும் வரை நீளும் ஒரு கோடை விடுமுறை நமக்கும் ஒருநாள் கிடைக்கும், முதுமை என்பது தண்டனை ஆக வேண்டியதில்லை என்ற உறுதிமொழிக்காக. சிறுவர்களாக இதைப் பார்த்தவர்களிடம் வேறொரு நினைவு இருக்கிறது. அந்த மௌத் ஆர்கன் கேட்டாலே நாளை பள்ளிக்கூடம் என்று வயிற்றைப் பிசையும் என்பார்கள். அவர்களே நடுவயதில் மறு ஒளிபரப்பை விடாமல் பார்க்கிறார்கள். அன்று கசந்த ஞாயிறு மாலையே இன்று இனிக்கிறது. இது தொடரின் சாதனையா, வயதின் வேலையா என்று பிரிக்க முடியவில்லை.

குறை சொன்னவர்களையும் கேட்க வேண்டும். மூன்றாவது நாற்காலி மாறினாலும் வார்ப்பு மாறவில்லை, பேச்சு குறைந்து சாகசம் கூடியது, தொட்டி உருண்டது போதாதென்று இன்னும் எதையெதையோ உருட்டினார்கள் என்பது நியாயமான குற்றச்சாட்டு. இன்னொன்று அதைவிடக் கனமானது. தொடர் ஓடிய காலத்தில்தான் யார்க்‌ஷரின் கம்பளி ஆலைகள் மூடின, 1984-85-ல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அந்த மாவட்டத்தையே உலுக்கியது. வேலையில்லாத ஆண்களைப் பற்றிய தொடரில் வேலையின்மையின் வலி இல்லை. ஹோம்ஃபர்த்துக்கு ஆறு மைல் தள்ளி இருக்கும் ஹடர்ஸ்ஃபீல்டில் தெற்காசியாவிலிருந்து ஆலை வேலைக்கு வந்து குடியேறியவர்கள் ஏராளம். அந்த முகங்களும் இங்கே அனேகமாகக் கிடையாது. மென்மையான நகைச்சுவை எதையெல்லாம் பார்க்காமல் இருக்கிறதோ, அதன் மென்மை அந்த விலையில் வாங்கியது. இதை மறந்து ரசிப்பதைவிட, தெரிந்துகொண்டு ரசிப்பது ரசிகனுக்கு அழகு.

ஆனால் இந்தப் பார்வையாளர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்கள் இல்லை. கிளம்பி வந்தார்கள். கம்பளி ஆலைகளை நம்பியிருந்த ஹோம்ஃபர்த்துக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கின. ஐவியின் கடையாகப் படமெடுத்த கட்டடம் உண்மையான தேநீர்க் கடையாகி, நிஜமாகவே தேநீர் விற்றது. காம்போவின் வீடாகக் காட்டிய இடத்தில் கண்காட்சி வைத்தார்கள். நோராவின் வீட்டை விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்றாயிற்று. பெண்கள் அந்தப் படிக்கட்டில் நின்று துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கற்பனை ஊரைப் பார்க்க வந்தவர்களின் காசில் உண்மை ஊர் பிழைத்தது. நடிகர்களும் அந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. பில் ஓவன் லண்டன்காரர். யார்க்‌ஷர் பேச்சைக் கற்றுக்கொண்டு பேசியவர். ஹோம்ஃபர்த் மேல் அவருக்கு வந்த பிரியத்தில், தன்னை அங்கேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

1999 ஜூலையில் அவர் இறந்தார், புற்றுநோய். தொடரை முடித்துவிடலாம், அல்லது காம்போ ஊருக்குப் போயிருக்கிறார் என்று ஒரு வரியில் கடந்துவிடலாம். கிளார்க் காம்போவைத் தொடருக்குள்ளேயே சாகவைத்தார், 2000-ல் மூன்று அத்தியாயங்களை அந்தச் சாவுக்கே எழுதினார். அவர் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பாருங்கள்: ஒருநாள் சுருக்கமே இல்லாத கறுப்புக் காலுறையில் நோராவைப் பார்த்துவிடுகிறார் காம்போ. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்த காட்சி. அந்த ஆனந்தம் அவர் இதயத்துக்குத் தாங்கவில்லை. ஓடி ஓடித் தேய்ந்துபோனதாகச் சொன்ன ஒரே ஒரு நகைச்சுவை, முப்பதாவது வருடத்தை நெருங்கும்போது துக்கமாகத் திரும்பி வருகிறது. இத்தனை காலம் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் அதற்கு அந்தக் கனம் கிடைத்தது. புதிதாக ஒரு நாடகம் எழுதி அதே காட்சியை வைத்தால் யாரும் கண் கலங்கமாட்டார்கள். ஒன்றுமே நடப்பதில்லை என்று சலித்தவர்களுக்கு கிளார்க் தந்த பதில் இந்த மூன்று அத்தியாயங்கள்: நடக்காமல் இருந்ததெல்லாம் சேமிப்பு. ஓவனின் சொந்த மகன் டாம் ஓவன், காம்போவின் மகனாகவே தொடருக்குள் வந்தார்.

அதன் பின் வந்த பத்து வருடம் எனக்குக் கொஞ்சம் மெலிவாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அதில் வேறு யாரும் திட்டமிட்டுக் காட்ட முடியாத ஒன்று பதிவாயிருக்கிறது. கடைசி வரிசைகளில் சாலிஸுக்கும் ட்ரூலியாக நடித்த ஃபிராங்க் தார்ன்டனுக்கும் தொண்ணூறை எட்டும் வயது. வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் காப்பீடு கிடைக்கவில்லை. அதனால் மலையில் வேறு ஆட்கள் உருண்டார்கள், இவர்கள் இருவரும் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள். முப்பது வருடமாகக் கூடவே வந்த ரசிகர்களில் எத்தனை பேர் அதே நிலையில், அதேபோல் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பார்கள்! தொடரின் கடைசி வசனம் கிளெக்குக்கு. வீட்டைப் பூட்டினேனா என்று ஐயம் வருகிறது அவருக்கு. பெரிய விடைபெறல் உரை எதுவும் கிடையாது. 2017-ல் தன் 96-வது வயதில் சாலிஸ் இறந்தபோது, ஹோம்ஃபர்த்தை ஒட்டிய அப்பர்தாங் தேவாலயத் தோட்டத்தில் பில் ஓவனுக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பிளாமயர் இருக்கும் முதல் இரண்டு வரிசைகளில் தொடங்குங்கள். படம் மங்கலாக இருக்கும், பேச்சு பளிச்சென்று இருக்கும். அந்த மூவரோடு பழகியபின் 1980-களின் ஃபாகி காலத்துக்குத் தாவுங்கள். நோராவும் ஐவியும் முழு வீச்சில் இருக்கும் காலம் அது. காம்போவின் இறுதிச் சடங்கை அவசரப்பட்டு முன்கூட்டியே பார்த்துவிடாதீர்கள். காம்போவோடு பழகாதவருக்கு அது வெறும் சாவு. முக்கியமாக, வாரத்துக்கு ஒன்று போதும், அரை மணி நேரம். இப்போதெல்லாம் ஒரு தொடரை ஒரே ராத்திரியில் விழுங்கிவிட்டு மறுநாள் அடுத்ததைத் தேடுகிறோம். இந்தத் தொடரை அப்படி விழுங்குகிறவர், அந்த மூன்று கிழவர்களிடமிருந்து எதையுமே கற்றுக்கொள்ளாதவர்.